நிரம்பியபடியே திரும்பி வரும் தண்ணீர்ப் போத்தல்

குழு: தொடர்மாடிக் குடும்பம், வெள்ளவத்தை

திங்கள்

சுபா (3ஆம் மாடி), மாலை 6.40
எல்லோருக்கும் வணக்கம். ஆதிக்குக் காலையில் போத்தல் நிறையத் தண்ணீர் கொடுத்து விடுகிறேன். பின்னேரம் பாடசாலை வானால் இறங்கும்போது அப்படியே கழுத்துவரை நிற்கிறது. இன்று மூடியைத் திறந்து பார்த்தேன், உள்ளே இருக்கும் இறப்பர் வளையம்கூட நனையவில்லை. தலையிடி என்று வந்து படுத்துவிட்டான். உங்கள் பிள்ளைகளும் இப்படியா?

தர்ஷினி, 6.44
எங்கள் மகளும் இதேதான் அக்கா. ஏசியும் பார்த்தாயிற்று, கேட்கிறாள் இல்லை.

கமலா அன்ரி, 6.51
ஏசாதே பிள்ளை. ஏன் குடிக்கவில்லை என்று யாராவது கேட்டீர்களா?

சுபா, 7.15
இப்போதுதான் பக்கத்தில் இருத்திக் கேட்டேன் அன்ரி. “குடித்தால் சலம் வரும் அம்மா, அங்கே போக ஏலாது” என்கிறான். பாடசாலை மலசலகூடக் கதவுக்குக் கொண்டி இல்லையாம், நாற்றமாம், பெரிய பிள்ளைகள் தள்ளித் திறந்துவிடுவார்களாம். 6.10க்கு வான் ஏறினால் வீடு வர 2.30. எட்டு மணித்தியாலத்துக்கு மேல் அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தர்ஷினி, 7.22
என் மகளும் அதைத்தான் சொல்கிறாள். வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் ஓடுவாள். நான் அதைக் குறும்பு என்று நினைத்தேன்.

கமலா அன்ரி, 7.30
நான் தாதியாக இருந்த காலத்தில் இப்படிச் சின்னப் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் வருவார்கள். அடக்கி அடக்கிப் பழகினால் சிறுநீர்த் தொற்று வரும், மலச்சிக்கலும் வரும். காய்ச்சலோடு “சலம் கடுக்குது” என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் டொக்டரிடம் போக வேண்டும். பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: சலம் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, கடும் மஞ்சள் என்றால் தண்ணீர் போதாது. ஆறு வயதுப் பிள்ளையும் அதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

ரமணன், 7.41
என் மகன் தண்ணீர் குடிப்பதே இல்லை. இடைவேளைக்கு ஒரு பக்கெட் பானம் கொடுத்து விடுவோம், அது போதும்தானே அன்ரி?

கவிதா ரீச்சர், 7.48
அந்தப் பக்கெட்டில் ஒரு நிற வட்டம் இருக்கும், பாருங்கள் தம்பி. 2016இல் இருந்து இங்கே இனிப்புப் பானங்களுக்கு அது கட்டாயம். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. 200 மில்லிலீற்றர் பக்கெட் ஒன்றில் ஐந்து தேக்கரண்டிக்கு மேல் வந்துவிடும். நம் தேநீருக்கு அவ்வளவு போடுவோமா? வகுப்பில் பிள்ளைகளையே வட்டத்தைத் தேடச் சொன்னேன். இப்போது கடையில் அம்மாமாரை மறிப்பது அவர்கள்தான்.

ரமணன், 7.55
சமையலறையில் போய்ப் பார்த்தேன் ரீச்சர், சிவப்புத்தான். நாளைக்குத் தண்ணீரும் ஒரு கொய்யாப்பழமும் வைக்கிறேன்.

கவிதா ரீச்சர், 8.02
நல்லது. ஆனால் மலசலகூடத்தைச் சரிசெய்யாமல் போத்தலை மட்டும் நிரப்பி என்ன பயன்? நான் படிப்பிக்கும் இடத்தில் பெற்றோர் நாலு பேர் சேர்ந்து பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் கதைத்தார்கள். கதவுக்குக் கொண்டி, ஒரு வாளி, கோப்பை, சவர்க்காரம். பெரிய செலவே இல்லை. சண்டைக்குப் போவது போலப் போகாமல், அதிபரிடம் “நாங்கள் வாங்கித் தருகிறோம், யார் பூட்டுவது?” என்று கேளுங்கள். அப்புறம், வகுப்பாசிரியரிடம் மணி அடிக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு மிடறு குடிக்க விடச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். நாற்பது பேரும் ஒன்றாகக் குடித்தால் யாருக்கும் கூச்சம் இல்லை.

சுபா, 8.10
தர்ஷினி, புதன் காலை இருவரும் போவோமா?

தர்ஷினி, 8.11
வருகிறேன் அக்கா. கொண்டியை இவர் வாங்கி வருவார்.

செல்வம் அங்கிள், 8.20
பிள்ளைகள் ஓடினால் தாகம் தானே வரும். பின்னேரம் ஐந்தில் இருந்து ஆறு வரை கீழே கார் பார்க் காலிதான். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் பிள்ளைகள் உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நான் கதிரை போட்டு இருந்து பார்த்துக்கொள்கிறேன்.

நிரோஷா, 8.26
எங்கள் மகளுக்கு அந்த நேரம் புலமைப்பரிசில் ரியூசன் அங்கிள். வாரத்தில் ஐந்து நாள்.

கவிதா ரீச்சர், 8.33
இரண்டு நாளைக்காவது விடுங்கள் நிரோஷா. ஓடி விளையாடிய பிள்ளைதான் இரவில் நன்றாக நித்திரை கொள்ளும். நித்திரை இல்லாமல் கணக்கு மண்டையில் ஏறாது, தினமும் பார்க்கிறேன்.

நிரோஷா, 8.40
சரி ரீச்சர். செவ்வாயும் வியாழனும் கீழே அனுப்புகிறேன்.

வியாழன்

சுபா, மாலை 3.05
நேற்றுப் பின்னேரமே கொண்டி பூட்டிவிட்டார்கள். காவலாளி ஐயாதான் பூட்டினாராம். ஆதியின் போத்தலில் இன்று அரைவாசிதான் மிச்சம். “இரண்டு தரம் போனேன் அம்மா, உள்ளே பூட்டினேன்” என்று வானால் இறங்க முன்னமே கத்திச் சொன்னான்.

செல்வம் அங்கிள், 3.12
ஐந்து மணிக்குக் கீழே அனுப்பு பிள்ளை. பந்து என்னிடம் இருக்கிறது. மிச்சத் தண்ணீரையும் கொடுத்து விடு.