பேஷன்ட்டோட இன்சூரன்ஸ ஏத்துக்காம டெலிஹெல்த் ப்ராக்டிஸ், அமெரிக்கால: சரியா தப்பா?

நைட்டூட்டி_டாக்டர்:
ஃபேமிலி மெடிசின்ல இருக்கேன். ஆஸ்பத்திரி வேலைய விட்டுட்டு வீடியோ கன்சல்ட் மட்டும் பண்ணலாம்னு இருக்கேன், பேஷன்ட்டோட இன்சூரன்ஸே ஏத்துக்கப்போறதில்ல, அவங்க நேரா கார்டுல கட்டிடுவாங்க. இப்போ க்ளெய்ம் போட ஒரு ஆளு, டினை ஆனா அத துரத்த ஒரு ஆளு, இவங்க சம்பளத்துக்காகவே பேஷன்ட்ட பதினஞ்சு நிமிஷத்துல அனுப்ப வேண்டியிருக்கு. ரேட்ட முன்னாடியே போட்டுட்டு நிதானமா பேசுறதுல என்ன தப்பு?

பில்லிங்_கலா:
தப்புன்னு சொல்லல டாக்டர், ஆனா இன்சூரன்ஸ் இல்லன்னா பேப்பர் வேலையும் இல்லன்னு நினைக்காதீங்க. கன்சல்ட்டுக்கு காசு குடுக்குறவங்க மருந்த இன்சூரன்ஸ்லதான் வாங்குவாங்க, அப்போ ப்ரையர் ஆத் (மருந்துக்கு இன்சூரன்ஸ்கிட்ட முன்கூட்டியே வாங்குற அனுமதி) ஃபேக்ஸ் உங்களுக்குத்தான் வரும். 65 தாண்டினவங்க வந்தா? மெடிகேர், அதாவது அவங்களுக்கான அரசு இன்சூரன்ஸ், கவர் பண்ற விஷயத்துக்கு அவங்ககிட்ட நேரா காசு வாங்கணும்னா நீங்க அதுலேருந்து முறையா ஆப்ட் அவுட் பண்ணி வெளிய வந்திருக்கணும், அது ரெண்டு வருஷ கட்டு, நடுவுல ஒரு ஆஸ்பத்திரில பார்ட் டைம் பாக்கலாம்னா அங்கயும் மெடிகேர் பில் பண்ண முடியாது (எமர்ஜென்சி, அர்ஜென்ட் கேருக்கு மட்டும்தான் விலக்கு). இத யோசிக்காம வேலைய விட்டுடாதீங்க.

கோடிங்_கார்த்தி:
அக்கா ரொம்ப பயமுறுத்துறீங்க. இன்சூரன்ஸுக்கு எலக்ட்ரானிக்கா க்ளெய்மே அனுப்பலன்னா பல சமயம் ஹிப்பாவே (பேஷன்ட் தகவல் ரகசிய சட்டம்) பொருந்தாது. சைட்ட போட்டு விளம்பரம் ஓட்டினா ஆளு வருவாங்க.

பில்லிங்_கலா:
தம்பி இந்த யோசனைதான் ஆபத்து. பெட்டர்ஹெல்ப்ங்கிற ஆன்லைன் கவுன்சிலிங் கம்பெனி மேல 2023ல எஃப்டிசி (நுகர்வோர் பாதுகாப்ப பாக்குற அரசு அமைப்பு) எடுத்த நடவடிக்கைய பாருங்க, பேஷன்ட் தகவல ஃபேஸ்புக் மாதிரி விளம்பர கம்பெனிங்களுக்கு குடுத்ததா புகார், 78 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்துது. ஹிப்பா இல்லன்னாலும் எஃப்டிசி இருக்கு, ஸ்டேட் சட்டம் இருக்கு. மனசு ஒடஞ்சு ஒருத்தர் டைப் பண்றத விளம்பர பிக்சல், அதாவது சைட்ல வைக்கிற உளவு கோட், எடுத்துட்டுப் போறது அநியாயம் இல்லையா?

நைட்டூட்டி_டாக்டர்:
இதுல கலா மேடம் பக்கம்தான் நான், பிக்சலே வைக்கமாட்டேன். ஆனா பெரிய டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் குடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நாமளே கட்டவேண்டிய தொகை) பிளான்ல இருக்கவங்கள யோசிங்க, வருஷத்துல பாதி நாள் அவங்க எப்படியும் முழு காசும் கையிலேருந்துதான் கட்டுறாங்க, அதுவும் எவ்ளோன்னு பில் வந்தப்புறம்தான் தெரியுது. என்கிட்ட முன்னாடியே தெரியும். ஹெச்எஸ்ஏ (மருத்துவ செலவுக்கான சேமிப்பு கணக்கு) கார்டும் தேய்க்கலாம்.

அப்பாவுக்கு_சுகர்:
டாக்டர், உங்ககிட்ட கட்டுற காசு அந்த டிடக்டிபிள்ல சாதாரணமா கழியாதே. இன்சூரன்ஸ்கிட்ட பேஷன்ட்டே போட்டு காசு கேக்குற சூப்பர்பில் குடுப்பேன்னு சொல்வீங்க, வெளி டாக்டருக்கும் கொஞ்சம் குடுக்குற பிபிஓ பிளான்னா ஏதோ கொஞ்சம் திரும்ப வரும், தன் லிஸ்ட்ல இருக்க டாக்டருக்கு மட்டும் குடுக்குற ஹெச்எம்ஓ பிளான்ல பெரும்பாலும் ஒண்ணும் வராது. தொண்டை வலின்னா உங்க மாடல் நல்லா இருக்கும். மூணு மாசத்துக்கு ஒருக்கா ஏ1சி சுகர் டெஸ்ட் பாக்கணும், கால பாக்கணும், கண்ணுக்கு அனுப்பணும்னு இருக்கவங்க பிரீமியமும் கட்டி உங்களுக்கும் தனியா கட்டணுமா? வசதி இருக்கவங்களுக்கு டாக்டரோட நேரம், மத்தவங்களுக்கு வெயிட்டிங் லிஸ்ட், எனக்கு இது கோவமாத்தான் வருது.

நைட்டூட்டி_டாக்டர்:
நியாயமான கோவம். ஆனா நான் ஆஸ்பத்திரிலேயே இருந்து எரிஞ்சுபோய் மருத்துவத்தையே விட்டுட்டா அந்த லிஸ்ட் இன்னும் நீளும்தானே?

பில்லிங்_கலா:
அது சரி, முதல்ல எந்தெந்த ஸ்டேட்ல லைசன்ஸ் இருக்குன்னு சொல்லுங்க. பேஷன்ட் உக்காந்திருக்கிற ஸ்டேட்தான் கணக்கு, நீங்க இருக்கிறது இல்ல. பல ஸ்டேட் லைசன்ஸ சுலபமா வாங்க ஸ்டேட்டுங்க சேந்து போட்ட காம்பாக்ட் ஒப்பந்தத்துல கலிஃபோர்னியாவே கிடையாது.