காலநிலைப் பாவனையாக்கப் பயிற்சியைத் தமிழில் நடத்த உதவி தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். தமிழ் பேசும் உள்ளூராட்சி உறுப்பினர்களுக்கு, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ஸ்லோன் முகாமைத்துவப் பள்ளியும் கிளைமேட் இன்டராக்டிவ் அமைப்பும் இணைந்து உருவாக்கிய ‘என்-ரோட்ஸ்’ என்னும் இலவசப் பாவனையாக்கியை (ஒரு நடவடிக்கையின் விளைவைக் கணித்துக் காட்டும் கணினி மாதிரியை) கொண்டு, வெள்ளவத்தையில் அரைநாள் பயிற்சியொன்றை நடத்த எண்ணியுள்ளோம். காபன் விலையை (காபனீரொட்சைட்டு வெளியேற்றத்துக்கு விதிக்கும் கட்டணத்தை) உயர்த்தினாலோ காடழிப்பைக் குறைத்தாலோ 2100ஆம் ஆண்டில் உலக வெப்பநிலை எவ்வளவு மாறும் என்பதை அது உடனுக்குடன் வரைபாகக் காட்டுகிறது. மரம் நடுகையே போதுமென நம்புவோர் (நம்மிடையே அவர்கள் அதிகம்) மரம் நடுகையால் வரைபின் வெப்பநிலைக் கோடு சற்றே அசைவதைக் கண்ணால் காண்பது, நீண்ட விரிவுரையைவிடப் பயன் தருமென்பது என் கருத்து. ஆயினும் அது உலகளாவிய மாதிரியாகையால், களனி கங்கையின் வெள்ளத்தைப் பற்றி அதனிடம் கேட்க இயலாது. ஆகவே, அவ்வெள்ளத்தைப் பற்றி விளக்கவல்ல நீர்வளத்துறை அனுபவசாலி ஒருவரும், பயிற்சியின்போது அமைச்சர், எரிபொருள் நிறுவனத்தார் போன்ற பாத்திரங்களை ஏற்று விவாதிப்போரைத் தமிழில் நெறிப்படுத்தக்கூடிய ஒருவரும் தேவைப்படுகின்றனர். இயன்றவர்கள் இப்பதிவின்கீழ்த் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.