கமரா வந்த நாள்: படம் எடுக்க வந்தவர்களும் படம் வரைந்தவர்களும்

வாவிக்கரை

ஓவியர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வருகிறவர்களோடு பழகிய அனுபவம் இங்கே பலருக்கு இருக்கும். எடுத்தவராகவோ, எடுக்கப்பட்டவராகவோ, சும்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவராகவோ இருக்கலாம். எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

என் பெரியப்பா ஆரையம்பதியில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். திருவிழாவுக்குச் சீலையில் சாமி படம் வரைவார், கூத்துக்காரர் கேட்டால் அவர்கள் தலையில் வைக்கிற கிரீடத்துக்கு வர்ணம் பூசிக் கொடுப்பார். சில வருடங்களுக்கு முன் கொழும்பிலிருந்து இரண்டு பொடியன்கள் அவரைப் படம் எடுக்க வந்தார்கள். நல்ல பிள்ளைகள், அதையும் சொல்லவேண்டும். முதல் நாள் கமராவைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

இரண்டாம் நாள் பெரியப்பா குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சேட்டும் வேட்டியுமாகக் கதிரையில் இருந்தார். பொடியன்களுக்கு முகம் வாடிவிட்டது. அவர்களுக்கு வேண்டியது பெயின்ற் கறை படிந்த சாரம். "ஐயா, வழக்கமா வேலை செய்யிற மாதிரி…" என்று ஒருவர் மெல்ல இழுத்தார். "படம் பிடிக்கிற நாளும் பழஞ்சாரத்தோட இரிக்கிறதா? ஊர் என்ன சொல்லும் மனே?" என்று கேட்டுவிட்டு, வெள்ளைச் சேட்டோடுதான் எழுதினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

அடுத்த சிக்கல் 'ழ'. அதன் வாலை மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் இழுப்பார். பக்கத்திலிருந்து ஒரு தடவை எடுத்துவிட்டு, மேலேயிருந்தும் வேண்டும், இன்னொருக்கா இழுங்கள் என்றார்கள். பெரியப்பா பிரஷ்ஷைப் பேணிக்குள் வைத்துவிட்டார். "இழுத்த கோட்டை எப்படிகா திரும்ப இழுக்கிற? அதுக்கு மேல இழுத்தா அது பூசுறது." அன்றைய வேலை அதோடு சரி.

பழைய படப் பைத்தியம்

உங்கள் பெரியப்பா தனி ஆள் இல்லை. அமெரிக்காவில் ஜாக்சன் பொலக் என்ற ஓவியரை ஹான்ஸ் நமூத் என்ற புகைப்படக்காரர் படம் எடுத்த கதையும் இதேதான். துணியில் அவர் வர்ணம் சிந்துவதை எடுத்தது போதாது என்று, ஒரு கண்ணாடித் தகட்டில் வரையச் செய்து, அடியில் படுத்துக்கொண்டு மேல்நோக்கி எடுத்தார் நமூத். குளிருக்குள் நிறுத்து, தொடங்கு, மறுபடியும் செய் என்று நாட்கணக்காகப் போனது. இரண்டு வருடமாகக் குடியைத் தொடாமல் இருந்த பொலக், 1950 நவம்பரில் படப்பிடிப்பு முடிந்த அன்றே போத்தலை எடுத்துவிட்டார். விருந்து மேசையையும் கவிழ்த்துவிட்டார். எல்லாவற்றையும் கமராவின் தலையில் போட முடியாதுதான். ஆனாலும் உங்கள் பெரியப்பா பிரஷ்ஷைக் கீழே வைத்ததோடு நிறுத்தினாரே, கெட்டிக்காரர்.

கல்லடிப் பொடியன்

நான் முக்காலி தூக்கியவன். கல்லடியில், விபுலானந்தர் பெயரில் உள்ள அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்த காலத்தில், வெளியிலிருந்து படம் எடுக்க வருகிறவர்களுக்கு எடுபிடியாகப் போவேன். வாவியில் பாடும் என்று சொல்கிற மீனின் சத்தத்தைப் பதிவு செய்ய இரவில் பாலத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லாத குழு ஒன்றுகூட இல்லை. படம் ஓவியரைப் பற்றியதுதான், ஆனாலும் மீன் வேண்டும்.

கண்ணாடிச் சட்டம் போட்ட ஓவியத்தை எடுப்பதைப் போலக் கரைச்சல் பிடித்த வேலை வேறில்லை. ஓவியத்தைவிட யன்னலும் எங்கள் மூஞ்சிகளும்தான் தெளிவாகத் தெரியும். விளக்கு இரண்டையும் இரு பக்கமும் சரிவாக வைத்து, கறுப்புச் சீலையில் ஓட்டை போட்டு, அதற்குள்ளால் கமராவை நீட்டி எடுப்போம். சத்தம் விழும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிடுவோம். மே மாதத்து மட்டக்களப்பில், மூடிய அறைக்குள்!

பெரிய சண்டை எப்போதும் நிறத்தில்தான் வரும். ஒருமுறை ரியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்ததைச் சின்னத் திரையில் காட்டினோம். ஓவியர் பார்த்தார். "இது என்ட நீலம் இல்ல" என்றார். அவ்வளவுதான். சாம்பல் நிற அட்டையை ஓவியத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு துண்டு எடுத்து வைத்தால், பிறகு அதை வைத்து நிறத்தைச் சரிக்கட்டலாம் என்று அன்றைக்குத்தான் படித்தேன்.

இன்னொன்று. 1956இல் வந்த, பிரெஞ்சு இயக்குநர் குளூஸோவின் படத்தில் பிக்காசோ வரைவார், ஆனால் கையே தெரியாது. மை தாளின் மறுபக்கத்துக்கு ஊறிவரும், கமரா அந்தப் பக்கத்தில் நிற்கும். கோடு தானாக முளைப்பது மாதிரி இருக்கும். நாங்களும் விடுவோமா? வெளிச்சம் ஊடுருவுகிற ரேசிங் தாளைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பின்னால் விளக்கு வைத்து, நண்பன் ஒருவனை வரையச் சொன்னோம். போஸ்டர் கலர் வெறும் கறுப்பு நிழலாகத்தான் தெரிந்தது. மை மட்டும் சரிவந்தது. பார்க்க அற்புதம்! கடைசியில் அவன் கையெழுத்துப் போட்டபோதுதான் எல்லாமே இடம் வலம் மாறித் தெரிவதைக் கண்டோம். எடிற்றிங்கில் திருப்பிப் போட்டால் சரி, ஆனால் அன்றைக்கு அது எங்கள் யாருக்கும் தெரியாது.

தம்பிலுவில்

நான் எடுக்கப்பட்டவள்.

சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்கு எத்தனை கமரா வந்தது என்று உங்களுக்கே தெரியும். எனக்கு வரைய வரும் என்று யாரோ சொல்லி, ஒரு குழு வீட்டுக்கு வந்தது. "கடலை வரைங்க அக்கா" என்றார்கள். நான் அப்போது ஆடுதான் வரைந்துகொண்டிருந்தேன். எங்கள் வேலிக்கு வந்து கிளுவையை மேய்கிற ஆடுகள். அதைக் காட்டினேன். நல்லாயிருக்கு என்றார்கள், பிறகு மறுபடியும் கடல். டிசம்பர் 26 அன்று என்ன நடந்தது என்று கேட்டார்கள், சொன்னேன். அழுவேன் என்று பார்த்திருந்தார்கள் போல. முகத்துக்குக் கிட்டக் கிட்டக் கமரா வந்தது.

நான் கடல் வரையவில்லை. அவர்கள் கடற்கரைக்குப் போய்க் கடலை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆடுகள் படத்தில் வந்ததா என்று இன்றுவரை தெரியாது.

திருக்கோவில் ரோட்டு

தங்கச்சி எழுதியதை வாசித்துவிட்டு, என்னுடையதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். சரி, எழுதுகிறேன்.

என் மாமா கோயில் சிலைகளுக்கு வர்ணம் தீட்டுகிறவர். அம்பாறைப் பக்கம் ஒரு கோயில் குடமுழுக்குக்கு முன் அவரோடு மூன்று கிழமை இருந்து படம் எடுத்தாள் ஒரு பெண். அவளுக்கு முக்கியமாக வேண்டியிருந்தது கண் திறப்பு. உடம்பு, உடுப்பு, நகை எல்லாம் தீட்டி முடிந்த பிறகும் கருவிழி மட்டும் வெறுமையாக இருக்கும். அதைக் கடைசியில், நேரம் பார்த்து, திரை கட்டி, உள்ளே நின்று தீட்டுவார்கள். மற்றவர்கள் பார்க்கக்கூடாது. கமராவும் மற்றவர்தான்.

அவள் கெஞ்சவில்லை, களவாக எடுக்கவும் முயலவில்லை. திரைக்கு வெளியே கமராவை வைத்துவிட்டு நிலத்தில் இருந்தாள். உள்ளே மாமா இருமுகிற சத்தம், கிண்ணம் வைக்கிற சத்தம். வெளியே மாமியின் முகம். மாமி ஒரு விரதமும் விடாதவ, ஆனால் அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அந்தத் திரைக்குள் போனதில்லை. அந்த முகத்தையே 6 நிமிடம் வெட்டாமல் படத்தில் வைத்திருந்தாள். நான் பார்த்த படங்களில் ஓவியம் என்றால் என்னவென்று சொன்ன இடம் அதுதான். அதில் ஓவியமே இல்லை.

பழைய படப் பைத்தியம்

1972இல் சத்யஜித் ராய் எடுத்த ஆவணப்படமும் இந்த வகைதான். சாந்திநிகேதனில் தனக்குப் படிப்பித்த ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றியது, 20 நிமிடம் வரும். முகர்ஜிக்குச் சின்ன வயதிலிருந்தே பார்வை குறைவு, 1950களில் கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு முழுதாகவே போய்விட்டது. அதற்குப் பிறகும் வேலையை நிறுத்தவில்லை. வேலை செய்கிற அவரின் கையைக் கமரா பொறுமையாகப் பார்க்கும். ஆசிரியர் என்ற மரியாதை அதில் தெரியும். தம்பிலுவில் அக்காவிடம் போன குழு இதைப் பார்த்திருக்க வேண்டும்.

வாவிக்கரை

பெரியப்பா கதையின் மிச்சத்தைச் சிலர் கேட்டிருந்தீர்கள். அந்தப் பொடியன்கள் திரும்பி வந்தார்கள். இரண்டு வருடம் பிந்தி, ஒரு பென்டிரைவோடு. பக்கத்து வீட்டு ரீவியில் போட்டோம். பெரியம்மா, பிள்ளைகள், ஒழுங்கை முழுக்கச் சனம்.

பெரியப்பா தன் முகம் வந்தபோது ஒன்றும் பேசவில்லை. 'ழ' இழுக்கிற இடத்திலும் பேசவில்லை. ஆரையம்பதிக் கடைவீதியை ஓட்டோவில் போய்க்கொண்டே எடுத்த ஒரு துண்டு வந்தது. "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று கத்தினார். பின்னுக்கு ஓட்டி நிறுத்தினோம். அவர் எப்போதோ எழுதிய பலகை ஒன்று மூலையில் தெரிந்தது. 'சில்லறை வியாபாரம்' என்று இருக்கவேண்டியதில் 'சில்லரை' என்று இருந்தது.

விடிந்ததும் ஏணியையும் ஒரு பேணி வெள்ளைப் பெயின்றையும் தூக்கிக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். பலகையைக் கழற்றிப் பல காலமாம். அந்த இடத்தில் டிஜிட்டல் பனர் தொங்கியது. பழைய பலகையைப் பார்த்து அப்படியே அடித்துத் தந்தார்கள் என்றார் கடைக்காரர்.

பனரிலும் 'சில்லரை'தான்.