பழைய லாரியில் ஸ்டீரிங் ஆட்டம்: உங்கள் அனுபவம்

தர்மபுரி டிரைவர்
பழைய டாடா 1210 லாரி, ஓசூரில் ஏற்றிய லோடு. தொப்பூர் இறக்கத்தில் ஒரு பள்ளத்தில் இடது முன்சக்கரம் இறங்கி ஏறியதும் ஸ்டீரிங் கையை உதற ஆரம்பித்தது. வண்டியை ஊர விட்ட பிறகுதான் உதறல் நின்றது. அதற்கு முன்பே டயர் மாற்றி, அலைன்மெண்ட்டும் பார்த்தாகிவிட்டது. எதுவும் தாங்கவில்லை. சங்ககிரியில் வயதான மெக்கானிக் ஒருவர் ஜாக்கி வைத்துத் தூக்கி, கிங் பின்னுக்கு (முன்சக்கரம் இடது வலது திரும்பத் தாங்கும் தண்டு) கிரீஸ் அடித்தார். கீழ் நிப்பிளில் (கிரீஸ் ஏற்றும் முனை) அடித்ததும் பழைய கிரீஸ் பிதுங்கியது. மேல் நிப்பிளில் எவ்வளவு அழுத்தியும் உள்ளே போகவில்லை. கழற்றினால் சிவப்பாகத் துருப்பொடி கொட்டுகிறது, பின்னில் நகம் தடுக்கும் அளவுக்குப் படி விழுந்திருக்கிறது. மாதாமாதம் கிரீஸ் அடித்ததாகச் சொல்லிக் காசு வாங்கியவரை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

நாமக்கல் ஓனர்
எல்லாவற்றுக்கும் கிங் பின் என்று முடிவு கட்டாதீர்கள் அண்ணா. உதறல் வேறு, பிளே (வெற்று ஆட்டம்) வேறு. என் வண்டியில் உதறலே கிடையாது. ஸ்டீரிங்கை நன்றாகத் திருப்பிய பிறகுதான் சக்கரம் அசையும். பட்டறையில் ஸ்டீரிங் பாக்ஸ் (ஸ்டீரிங் தண்டின் அடியில் இருக்கும் கியர் பெட்டி) ஸ்க்ரூவை முடுக்கி அனுப்பிவிட்டார்கள். நேர் ரோட்டில் அருமையாகப் போனது. திருச்செங்கோடு பக்கம் ஒரு வலது வளைவில் ஒடித்தேன், ஸ்டீரிங் திரும்பி வரவே இல்லை. எதிரே பள்ளிக்கூட வேன். இரண்டு கையாலும் இழுத்து வண்டியை இடதுபக்கம் கொண்டுவந்தேன். அந்த வேன் டிரைவரின் முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. பாக்ஸ் நடுவில்தான் அதிகம் தேயும். அங்கே பிளே போகும்வரை முடுக்கினால் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும்.

மதுரை மெக்கானிக்
மண்டியில் ரிவர்ஸ் எடுத்த ஒரு லாரியில் டை ராடு எண்ட் (இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனை) கழன்று, முன்சக்கரம் இரண்டும் ஆளுக்கொரு திசையைப் பார்த்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னே இல்லை.

நாமக்கல் தம்பி, பாக்ஸைத் தொடும் முன் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். வண்டி தரையில் நிற்கட்டும். கிளீனர் ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டட்டும். பாக்ஸுக்குள் போகும் தண்டு அசைந்தும் டிராப் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வெளியே வரும் கை) சும்மா இருந்தால் கோளாறு பாக்ஸில். ஆர்ம் அசைந்தும் அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் கம்பி தயங்கினால் இரண்டும் சேரும் பால் ஜாயிண்ட் போய்விட்டது. பாக்ஸே சேஸிஸ் மேல் நகர்ந்தால் போல்ட் லூஸ். அப்புறம் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன் ஆக்சிலைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராடு எண்டைப் பாருங்கள். ஆக்சிலைப் பட்டையோடு (லீஃப் ஸ்பிரிங்) கட்டும் யூ போல்ட்டையும் பட்டை புஷ்ஷையும் விடாதீர்கள், அவை லூஸானாலும் வண்டி அலையும்.

நாமக்கல் ஓனர்
சரி அண்ணா, டிராக் லிங்க்கை அன்று யாருமே பார்க்கவில்லை. ஆனால் முடுக்கின ஸ்க்ரூதான் அந்த வளைவில் என்னைப் பிடித்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கிருஷ்ணகிரி
வாங்கப் போன வண்டியில் டிராப் ஆர்முக்குப் புது பெயிண்ட். வயர் பிரஷ் போட்டுத் தேய்த்ததும் அடியில் வெல்டிங் தழும்பு. வாங்காமல் வந்துவிட்டேன். அந்த வண்டியை வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.