கம்ப்ரசர் மறு ஸ்டார்ட் எடுக்கல, உதவி தேவை

காட்பாடி பஞ்சர் கடை. 2 எச்பி, சிங்கிள் ஃபேஸ், பெல்ட் டைப், 100 லிட்டர் டேங்க். டேங்க் காலியா இருந்தா உடனே ஓடுது, 8 பாரில் கட்-ஆஃப் ஆகுது. 6 பாருக்கு இறங்கி மறுபடி ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் உறுமிக்கிட்டே நிக்குது, எம்சிபி விழுது. பத்து நாளா இப்படித்தான்.

கப்பாசிட்டர் மாத்தியாச்சு. வோல்டேஜ் 225. பெல்ட் டென்ஷன் சரி. எம்சிபியைப் பெருசா போடச் சொல்றாங்க. வைண்டிங் எரியும், அது வேண்டாம்.

முக்கியமா, கட்-ஆஃப் ஆனதும் பிரஷர் சுவிட்ச் அடியில வர்ற 'புஸ்' சத்தம் இப்ப இல்லை. மெயினை ஆஃப் பண்ணி, சுவிட்சுக்குப் போற மெல்லிய குழாயோட நட்டை லேசா தளர்த்தினா கொஞ்சம் காத்து வந்து நின்னுடுது. அப்ப டேங்க் காத்து திரும்பி வராம தடுக்கிற செக் வால்வு நல்லாத்தான் இருக்கு. திரும்ப முறுக்கிட்டு ஸ்விட்ச் போட்டா 6 பாரிலேயே ஓடுது.

கட்-ஆஃப் ஆனதும் அந்தக் குழாய்ல மிஞ்சுற காத்தை 'புஸ்'னு வெளியே விடற அன்லோடர் வால்வை மட்டும் மாத்தலாமா, இல்ல பிரஷர் சுவிட்சையே முழுசா மாத்தணுமா?