புதுப்பிப்பு: திடீர் ரீஸ்டார்ட், தினம் ஒரு ப்ளூ ஸ்கிரீன் – ஆள் சிக்கிவிட்டது

முன்கதை: சொந்தமாக அசெம்பிள் செய்த பிசி, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் நாலு, எக்ஸ்எம்பியில் (ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) 3600 வேகம். பவர் சப்ளை மேல்தான் சந்தேகம் இருந்தது. அது தப்பு. விண்டோஸில் நடந்ததைப் பதிவாகக் காட்டும் ஈவென்ட் வியூவரில் வரும் 'கெர்னல்-பவர் 41', மெஷின் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் பெரும்பாலும் எதுவும் சொல்லாது.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் ஏற்றி ஓட்டியதில் முதல் பாஸிலேயே (ஒரு முழுச் சுற்று) பிழைகள். எக்ஸ்எம்பியை ஆஃப் செய்து 2133-ல் நாலு பாஸ்: சுத்தம். பிறகு ஒவ்வொரு ரேமையும் தனியாக, சிபியு பக்கமிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் செருகி 3600-ல் ஓட்டினால் அதுவும் சுத்தம்! ஆக, எந்த ரேமும் பழுதில்லை. தனித்தனியாக வாங்கிய இரண்டு கிட்டை (ஒரே பேக்காக விற்கும் ரேம் செட்) ஒன்றாகப் போட்டதுதான் வினை. மாடல் நம்பர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சிப் மாறியிருக்கலாம். நாலு ரேம் என்றால் அவற்றைக் கையாளும் மெமரி கன்ட்ரோலருக்கும் சுமை கூடும். எக்ஸ்எம்பி வேகம் கிட்டுக்குள் சோதித்தது, இரண்டு கிட் சேர்ந்தால் அந்த உத்தரவாதம் கிடையாது.

இப்போது 3200, 1.35 வோல்ட். மறுபடி நாலு பாஸ், பிழை பூஜ்யம். ரேம் தகராறில் விண்டோஸ் ஃபைல்களும் கெட்டிருக்கக்கூடும். அவற்றைச் சரிபார்க்கும் சிஸ்டம் ஃபைல் செக்கரை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.