ஸ்பிட்ஃபயர் 1/72: டீகாலைச் சுற்றி வெள்ளியா மினுங்குது, காப்பாத்த வழி இருக்கா?

தேனிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ஸ்பிட்ஃபயர் மார்க் 1 போர் விமானத்தோட 1/72 அளவு மாடல் கட்டிட்டிருக்கேன். 1940 ஆகஸ்டில் இங்கிலாந்தின் மிடில் வாலப் தளத்திலிருந்து பறந்த, பிரிட்டிஷ் விமானப்படையோட 234-ஆம் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) விமானம். நம்ம மாகாணத்து நன்கொடையால அந்த ஸ்குவாட்ரனுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி'ன்னு பேர் சேர்ந்தது. அதுக்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன்.

மேலே டார்க் எர்த், டார்க் கிரீன், ரெண்டும் மேட் அக்ரிலிக். நேத்து ராத்திரி ரவுண்டலும் (வட்டச் சின்னம்) ஸ்குவாட்ரனோட 'ஏ இசட்' எழுத்தும் டீகாலா, அதாவது தண்ணியில ஊறவச்சு ஒட்டுற அச்சுப் படலமா, ஒட்டினேன். ஒட்டும்போது நல்லாதான் இருந்துச்சு. காலையில பார்த்தா எழுத்துக்கு நடுவுல வெள்ளிப் பொடி தூவின மாதிரி மினுங்குது. வெறும் தண்ணியிலதான் ஊறவச்சேன், வேற எதுவும் தடவலை. மேல மேட் வார்னிஷ் அடிச்சா மறையுமா? மாத்தி ஒட்ட வேற டீகால் கையில இல்லை.

பழைய பசை:
தம்பி, வார்னிஷ் இப்போ அடிக்காதீங்க. அடிச்சா அந்த மினுக்கம் அப்படியே அடியில மாட்டிக்கும். இதைத்தான் சில்வரிங்னு சொல்றோம். மேட் பெயின்ட் கண்ணுக்கு வழவழப்பாத் தெரிஞ்சாலும் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. டீகால் படலம் மேடுகள் மேல மட்டும் உட்காருது, பள்ளத்துல காத்து நிக்குது. அந்தக் காத்துதான் வெளிச்சத்துல வெள்ளியாத் தெரியுது.

உரிக்க வேண்டாம், கிழிஞ்சிடும். மெல்லிய ஊசியால மினுங்குற இடத்துல மட்டும் நெருக்கமாக் குத்துங்க. மேல மைக்ரோ சால் (டீகாலை இளக்குற திரவம்) ஒரு சொட்டு, பிரஷ்ல தொட்டு வைங்க. படலம் சுருங்கி மடிப்பு விழும். பார்க்கப் பதறும், ஆனா விரல் வைக்கவே கூடாது. அந்த நேரத்துல அது ஈரத் தாளை விட மெலிசு. காய்ஞ்சதும் தானே படிஞ்சிடும். மூணு நாலு தடவைகூட ஆகலாம்.

கோவை விமானி:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு. மிச்ச டீகாலை இப்படியே ஒட்டிடாதீங்க. முதல்ல தமியா எக்ஸ்-22 மாதிரி பளபளப்பு வார்னிஷ் மெல்லிசா ரெண்டு மூணு பூச்சு அடிச்சு, ஒரு நாள் முழுக்கக் காய விடுங்க. மழை நாள்னா ரெண்டு நாள். ஒட்டுற இடத்துல முதல்ல மைக்ரோ செட் (டீகால் நல்லாப் பிடிக்க அடியில தடவுற திரவம்), அது மேல டீகால், கடைசியா மைக்ரோ சால். ரெண்டு பாட்டிலும் வேற வேற வேலைக்கு, மாத்திடாதீங்க.

அப்புறம், விமானத்தோட அடிப்பகுதி 'ஸ்கை'ங்கிற வெளிர் பச்சை நிறம்தானே? பாதி கறுப்பு பாதி வெள்ளை 1940 ஜூனுக்கு முந்தினது, உங்க ஆகஸ்ட் விமானத்துக்குப் பொருந்தாது.

தேனிக்காரன்:
ஸ்கைதான் அண்ணா.

ரெண்டு நாளா மூணு தடவை செஞ்சு பார்த்தேன். ரவுண்டல் பெயின்ட்லேயே வரைஞ்ச மாதிரி படிஞ்சிடுச்சு, பேனல் கோடுகூட (தகடு சேர்ற கோடு) அதுக்குள்ள தெரியுது. 'ஏ' சரியாயிடுச்சு. 'இசட்' கீழ்க்கோட்டுப் பக்கம் மட்டும் கடுகளவு மினுக்கம் விடவே மாட்டேங்குது.

பழைய பசை:
அதுக்கு மேல குத்தாதீங்க, எழுத்தோட சாம்பல் நிறம் உதிர ஆரம்பிச்சிடும். அது வெறும் படலம் இருக்கிற இடம்தானே? அடியில இருக்கிற அதே டார்க் கிரீனை நீர்க்கக் கரைச்சு மூணு சுழி (000) அளவு மெல்லிய பிரஷ்ல மேல ஒரு தொடு. கடைசி மேட் பூச்சு மட்டும் வெயில் நாளாப் பார்த்து அடிங்க. ஈரக்காத்துல அடிச்சா வெள்ளையாப் பூத்துடும்.